கோல்டு அக்கவுண்டில் தீபாவளி பண்டு

கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த அந்தத் தனியார் வங்கியில் எனக்கு வரிசை கிடையாது. மற்றவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு சுவரோரமாக நிற்பார்கள். நான் கம்பி மில்லின் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு நேராக உள்ளே போய், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போட்டிருக்கும் மெத்தை நாற்காலியில் உட்காருவேன். ஒரு பெண் காபி கொண்டுவந்து வைப்பார். காபி சுமார்தான். ஏசியில் உட்கார்ந்து சும்மா குடிக்கிற காபியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நானும் வாயைத் திறக்கமாட்டேன்.

நான் கோல்டு கஸ்டமர். செக் புத்தகம் இலவசம், டிடி இலவசம். தங்க நிறத்தில் ஒரு கார்டு கொடுத்திருந்தார்கள். அதைக் காட்டினால் விமான நிலையத்தில் தனி அறையில் உட்கார்ந்து சாப்பிடலாமாம். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, அது நிற்கிற இடத்தை நான் பார்த்ததில்லை. என் மனைவி அந்தக் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி பிடிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்போது நாங்கள் மீஞ்சூரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மா காலையில் அரைமணி நேரம்தான் மோட்டார் போடுவார். அதற்குள் பிடித்தால் பிடித்தது, இல்லாவிட்டால் குளியல் மறுநாள்தான். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, தனிக் கிணறு, ஒரு முருங்கை மரம். வீட்டுக்காரப் பெரியவர் ஆரணிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விடப் போகிறவர். இருந்த சேமிப்பையெல்லாம் வழித்து அவருக்கு முன்பணம் கொடுத்தோம். பொங்கலுக்குள் மீதியைக் கொடுத்துக் கிரயம் முடிக்க வேண்டும் என்று பேச்சு. மீதிக்கு வீட்டுக் கடன் வேண்டும். நான் கோல்டு கஸ்டமரானது அந்தக் கடனுக்காகத்தான். தனி நாற்காலிக்கும் காபிக்கும் அலைந்தவன் இல்லை நான்.

கடன் கேட்டுப் போன இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். எங்கள் மில்லில் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். கையில் வாங்குகிற சம்பளம் வங்கியின் கண்ணுக்குச் சம்பளமே இல்லை. இதை நான் ரயிலில் புலம்பிக்கொண்டு வந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த என் நண்பன்தான் வழி சொன்னான்.

அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. நான் கிரேன் ஓட்டப் போனேன், அவன் டை கட்டப் போனான். அந்த வங்கியில் கணக்குப் பிடித்துக் கொடுக்கிற வேலை அவனுக்கு. மாதத்துக்கு இத்தனை கணக்கு என்று தலைக்கு மேல் கத்தி தொங்கும். மீஞ்சூரில் நாங்கள் இருவரும் ஒரே பெட்டியில்தான் ஏறுவோம். அவனுக்கு அப்போது கல்யாணமாகவில்லை. பாதி நாள் அவனுடைய காலை நாஷ்டா என் வீட்டு இட்லிதான். என் மனைவி அவனை அண்ணே என்று கூப்பிடுவாள். மீன் வாங்கினால் நடுத்துண்டு அவனுக்குப் போகும், எனக்கு வால் வரும்.

"மச்சான், உனக்குத் தேவை சம்பள ரசீது இல்ல, மரியாத," என்றான். "எங்க பேங்குல கோல்டு அக்கவுண்ட் ஒண்ணு போடு. மூணு மாச சராசரி அம்பதாயிரத்துக்குக் கொறையாம வச்சிக்கினு வா. ரெண்டு குவார்ட்டர் தாண்டுனா லோன் தானா வரும். பிராசஸிங் சார்ஜும் கெடையாது. கொறைஞ்சா மட்டும் பைன் போடுவான், பாத்துக்கணும்."

"அம்பதாயிரத்துக்கு நான் எங்கடா போவேன்? கீற துட்டெல்லாம் அட்வான்ஸுக்குப் போச்சி."

அவன் யோசிக்கக்கூட இல்லை. "பண்டு கீதே," என்றான்.

பண்டு என்பது எங்கள் பெட்டியின் தீபாவளி பண்டு. கும்மிடிப்பூண்டி லோக்கலில் நாங்கள் முப்பது பேருக்கு மேல் ஒரே பெட்டியில் வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தோம். இரும்பு மில்காரர்கள், கெமிக்கல் கம்பெனிக்காரர்கள், இரண்டு மூன்று ஆபீஸ்காரர்கள். முதல் தேதிக்கு மேல் ஆளுக்கு முந்நூறு போடுவோம். சேருகிற காசை வெளியே இரண்டு வட்டிக்கு விடுவோம். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் போட்ட காசு அப்படியே திரும்பும். வட்டியில் ஒரு ஸ்வீட் பாக்ஸும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும் வரும். பண்டு பிடிப்பவன் நான். எனக்குப் படிப்பு குறைவு, கோபம் அதிகம், ஆனால் அடுத்தவன் காசில் கைவைக்காதவன் என்று பெட்டியில் பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயருக்குத்தான் பண்டு என் கையில் இருந்தது. வங்கி நண்பனும் அதில் மாதாமாதம் காசு போடுகிறவன்தான்.

அந்த வருஷம் பண்டை வட்டிக்கு விடாமல் என் பெயரில் வங்கியில் போட்டு வைப்பது என்று பெட்டியில் பேசினோம். பேசியவன் அவன்தான், நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வட்டி போய்விடும், பாத்திரம் கிடையாது, ஒருவனுடைய வீட்டுக்காக முப்பது பேர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? எவனாவது முகத்தைச் சுளிப்பான் என்று காத்திருந்தேன். ஒருவனும் சுளிக்கவில்லை. பெட்டியிலேயே மூத்தவர் பழவேற்காட்டு பாய். கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவர் சொன்னார்: "துட்டு எங்கியாவது தூங்கத்தான போவுது? இவன் பேருல தூங்கட்டும். வட்டி இல்லாத இந்த வருசந்தான் எனக்குப் பண்டு ஹலால்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது, அதைப் பார்த்தால் வருஷம் பூராவும் ஓட்டுவார்கள்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரயிலிலேயே காசு வசூலாகும். வங்கிக்கு நான் போக வேண்டியதில்லை, நண்பனே கட்டிவிட்டு ஸ்லிப்பை மறுநாள் கொண்டுவந்து கொடுப்பான். எப்போதாவது பகல் ஷிப்டில் வேலை குறைவாக இருந்தால் மட்டும் நான் போய் அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவேன். முதல் மூன்று மாதம் சராசரி தாண்டியது. "பாதிக் கெணறு தாண்டிட்ட மச்சான்," என்றான். பாதிக் கிணறு தாண்டுவது எவ்வளவு நல்ல சகுனம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பண்டிலிருந்து பிள்ளைகளின் பீஸுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் கட்டுவது எங்கள் வழக்கம். ஐந்தாறு பேர் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அவர்கள் காசு, எப்படி இல்லை என்பது? எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், சராசரி சரிந்துவிட்டது. வங்கி எழுநூற்றைம்பது ரூபாய் பைன் பிடித்துக்கொண்டது. அடுத்தவர்கள் காசில் பிடித்த பைனை நான் என் சம்பளத்திலிருந்து கட்டிச் சரிசெய்தேன். அன்றைக்கு நண்பனிடம் சண்டைக்கே போனேன்.

"இன்னாடா உங்க பேங்கு? துட்டு வச்சிக்கிறவனுக்குக் காபி குடுத்து, இல்லாதவன்கிட்ட பைன் வாங்குது?"

"பேஜாரு பண்ணாதடா. அதுக்கும் வழி கீது," என்றான். அடுத்த வாரம் நான்கைந்து தாள்களோடு வந்தான். கணக்கில் சும்மா கிடக்கிற காசை எடுத்து வங்கியிலேயே வேறு ஒரு திட்டத்தில் போட்டுவிட்டால், சராசரி கூடினாலும் குறைந்தாலும் கோல்டு கோல்டாகவே இருக்குமாம். பைன் வராதாம். லோனும் சீக்கிரம் நகருமாம்.

"அது எடுக்க முடியாத எடமா இருந்துறப் போவுதுடா. ஐப்பசில ஊட்டுக்கு ஊடு குடுக்கணும்."

"எப்டி போடறமோ அப்டி எடுக்கலாம். பிக்சட் டெபாசிட்னு வச்சிக்கயேன். ஒரு நாள் முன்னாடி சொன்னா ஒடச்சிக் குடுத்துருவான். நான் இல்ல?"

நான் இல்ல என்று அவன் கேட்டபிறகு எனக்கு வேறு என்ன வேண்டும்? ரம்மி ஆடுவதற்காகத் தொடைமேல் விரித்திருந்த பேப்பர்மேலேயே தாள்களை வைத்தேன். அனுப்பம்பட்டு தாண்டி வண்டி ஆடுகிற ஆட்டத்தில் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியாமல் விழுந்தது. முன்பு ஒருமுறை கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தது என்று என் செக்கைத் திருப்பி அனுப்பிய வங்கி அது. இந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, எண்பதாயிரம் ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டேன். ஆட்டத்திலும் அன்றைக்கு நான்தான் தோற்றேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காசு எடுக்கப் போனேன். நண்பன் பெரியபாளையம் பக்கம் கணக்குப் பிடிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பரவாயில்லை, நான்தான் கோல்டு ஆயிற்றே என்று உட்கார்ந்தேன். காபி வந்தது. எதிரே இருந்த அதிகாரிக்கு என்னைவிட வயது குறைவு. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், கணக்குல பதினெட்டாயிரம் சொச்சம் இருக்கு," என்றார்.

"அது தெரியும் சார். டெபாசிட்டை ஒடைக்கணும். எண்பதாயிரம்."

அவர் மறுபடி பார்த்தார். "டெபாசிட் எதுவும் இல்லையே சார். நீங்க இன்சூரன்ஸ் பாலிசில போட்டிருக்கீங்க. ஷேர் மார்க்கெட்டோட சேர்ந்தது. மூணு வருஷத்துக்கு எடுக்க முடியாது."

மில்லில் கிரேனில் தொங்குகிற பாரம் திடீரென்று ஒரு பக்கம் சரியுமே, அப்படி இருந்தது. பாலிசி வந்த பதினைந்து நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம், அப்போதே சொல்லியிருப்பார்களே என்றார் அதிகாரி. பாலிசி எங்கே வந்தது? நண்பன் கைக்கு வந்திருக்கும். கடைசியில், "சரி சார், என் வீட்டு லோன் எந்த நெலமையில இருக்குன்னாவது சொல்லுங்க," என்றேன்.

அவர் ரொம்ப நேரம் தேடினார். பாவம், அவர் நல்ல மனுஷர். "உங்க பேர்ல லோனுக்கு எதுவுமே வரலியே சார்," என்றார்.

அன்று சாயங்காலம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நண்பனைப் பிடித்தேன். இரண்டாவது பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தை மடித்தான். அடிக்க வேண்டும் என்றுதான் போனேன். அடித்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்து அறுத்திருக்காது.

"டெபாசிட்டுன்னு சொன்னியேடா?"

"மூணு வருசத்துல டபுளா வரும் மச்சான். நான் உனக்குக் கெட்டதா செய்வேன்?"

"பண்டுக்காரனுங்களுக்கு மூணு வருசம் கழிச்சித்தான் தீபாவளியா? லோன் பைலே இல்லன்றான்."

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். "உங்க மில்லு சம்பளத்துக்கு லோன் வராதுடா. மொதல்லயே தெரியும்."

"தெரிஞ்சிக்கினா என்னை இத்தினி தூரம் இட்டாந்த?"

"டார்கெட்டுடா. அந்தக் குவார்ட்டர்ல ஒரு பாலிசியாவது போடலன்னா வேலைய உட்டுத் தூக்கிருப்பான். நானும் நாலு பேரைக் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் படிச்சிப் பார்த்துட்டுத் தரேன்றான். நீ ஒருத்தன்தான் நான் சொன்னா படிக்காம போடுவ."

இதை அவன் திமிராகச் சொல்லவில்லை. ஏதோ என்னைப் பெருமைப்படுத்துகிற மாதிரியே சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கூடவே இருந்து குழி பறித்தான் என்பார்கள். இவன் குழியைப் பறித்துவிட்டு, அளவெடுக்க என்னையே கூப்பிட்டிருக்கிறான். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று முப்பது பேர் வேர்வையை எடுத்துத் தன் மேனேஜருக்கு ஊற்றியிருக்கிறான். வண்டி வந்தது. நான் வேறு பெட்டியில் ஏறினேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி முதலில் நம்பவில்லை. "அண்ணன் அப்டிப் பண்ணாது. நீங்க சரியா கேட்ருக்க மாட்டீங்க," என்றாள். நான் திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள். "ஊடு போனாக்கூடப் போவுதுங்க. அண்ணேன்னு வாய் நெறையக் கூப்ட்டனே," என்றாள்.

பெட்டியில் போய் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று நாலைந்து நாள் குழம்பினேன். சொன்னால் அவனைத் திட்டுவார்கள், உண்மைதான். ஆனால் காசைக் கொடுத்தது அவன் கையில் இல்லை, என் கையில். பிள்ளைக்குச் சட்டை எடுக்கக் காத்திருக்கிறவனிடம் போய், உன் காசு ஷேர் மார்க்கெட்டில் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? எனக்காக வட்டியை விட்டவர்கள். என்னை நம்பினது தப்பு என்று அவர்கள் ஒரு நிமிஷம் நினைத்தால்கூட என்னால் அந்த ரயிலில் ஏற முடியாது. வீடு போகட்டும், பண்டு ஒரு ரூபாய் குறையக்கூடாது என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்காரப் பெரியவரிடம் போய் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். என்னால் வேறு இரண்டு ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொல்லி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. போதாததற்கு மனைவியின் சங்கிலி மீஞ்சூர் பஜாரில் அடகுக்குப் போனது. ஸ்வீட் பாக்ஸ் இல்லாமல் பண்டு கொடுத்துப் பழக்கமில்லை, வட்டியும் வராத வருஷம். அவள் தோட்டையும் கழற்றிக் கொடுத்து, "பாக்ஸ் வாங்குங்க, பெருசா வாங்குங்க," என்றாள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவள் கதையாவது ஒருத்தியோடு போயிற்று. நான் நம்பினதற்கு இவள் காது மூளியானது.

அந்த பாலிசி காசு மூன்று வருஷம் கழித்து வந்தது. சந்தை படுத்திருந்த நேரம். போட்டதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. அதற்குள் அந்த முருங்கை மரத்து வீட்டை வாங்கினவர் மேலே மாடியும் கட்டிவிட்டார். நாங்கள் அதே ஒற்றை அறையில் அதே அரைமணித் தண்ணீருக்கு நின்றுகொண்டிருந்தோம்.

அந்தத் தீபாவளிக்குப் பண்டு கொடுத்த அன்று காலை மீஞ்சூரில் வண்டி கிளம்பியதும் பையைத் திறந்தேன். ஆளுக்கு ஒரு கவர், ஒரு பாக்ஸ். பெட்டியில் ஒரே சத்தம். "பாத்திரம் இல்லன்னு சொல்லிட்டு பாக்ஸை மட்டும் இத்தாம் பெருசா வாங்கிக்கிறான் பாரு, லோன் கெடச்சிருச்சி போல," என்று ஒருவன் கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன். லோன் இன்னும் வரவில்லை, பார்க்கலாம் என்றேன். கடைசியாக பாய்க்குக் கொடுத்தேன். அவர் கவரைப் பிரிக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பையில் இன்னும் ஒரு கவரும் ஒரு பாக்ஸும் இருந்தன. அவனுடையது. போட்டவன் காசு போட்டவனுக்குத்தானே என்று அவன் பங்கையும் சேர்த்தே கட்டியிருந்தேன். ஆனால் இரண்டு வாரமாக அவன் எங்கள் பெட்டிப் பக்கமே வரவில்லை, இனி இதைக் கேட்டு எந்த முகத்தோடு வருவான் என்று ஜிப்பை இழுத்து மூடினேன்.

பொன்னேரியில் வண்டி நின்றபோது வந்தான். பக்கத்துப் பெட்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து ஏறியிருக்கிறான், மூச்சு வாங்கியது. டையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினான்.

"இன்னா மச்சான், நம்ம பங்கு?"

நான் அவன் முகத்தையே பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரிந்திருந்தது. இந்த முப்பது பேர் எதிரே என்னால் எதையும் சொல்ல முடியாது என்பதையும் அவன் கணக்குப் போட்டுத்தான் வந்திருந்தான். ஜிப்பைத் திறந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு நோட்டாக எண்ணினான். அது என் மனைவி கழுத்திலிருந்து வந்த காசு.

பாய் என் தோளில் கைபோட்டார். "ஒத்த ரூபா கொறையல பாரு. இந்த மாதிரி ஒரு ஆளு கெடைக்கமாட்டான்பா," என்றார் அவனிடம்.

"எனக்குத் தெரியாதா பாய்," என்றான் அவன். எண்ணி முடித்து கவரைச் சட்டைப் பையில் செருகினான். பிறகு என் பையை எட்டிப் பார்த்து, "பாக்ஸ் கீதுல்ல?" என்று கேட்டான்.

அதையும் எடுத்துக் கொடுத்தேன்.